மண்கும்பான் மணலில்

யாழ்ப்பாணக் கோட்டையைத் தாண்டிப் பண்ணைக்கு வந்தால், கடலுக்கு நடுவே போடப்பட்ட தாம்போதி வீதி தீவுப் பகுதிக்குக் கொண்டுபோகிறது. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, அதற்கடுத்தது மண்கும்பான். ஒல்லாந்தர் லைடன் என்று பெயரிட்ட வேலணைத் தீவிலுள்ள சிற்றூர். மோட்டார் சைக்கிளில் போனால் சிறு பயணம்தான். ஆனால் சைக்கிளை மிதித்து அங்கு போய்ச்சேர எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

எங்கள் குடும்பம் சோனகத் தெருவைச் சேர்ந்தது. சிறு வயதில் வாப்பா என்னைச் சைக்கிளில் முன்னால் ஏற்றி மண்கும்பானுக்குக் கூட்டிப்போவார். அங்கே பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு, மஃரிப் வரை வெள்ளை மணலில் ஓடுவேன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் வளர்ந்தேன், அறபுக் கல்லூரியில் ஓதி மௌலவியானேன். வாப்பாவுக்கு அங்கே சீனி வருத்தம் முற்றி ஒரு காலை எடுத்தார்கள். மண்கும்பானை மறுபடி பார்க்காமலே வபாத்தாகிவிட்டார். நான் 2009இல் போர் முடிந்த பிறகு ஊர் திரும்பி ஆசிரியனாக இருக்கிறேன்.

காலையில் பாடசாலைக் கதிரை, பின்னேரம் மத்ரஸாவில் சம்மணம், இரவில் விடைத்தாள். முடுக்குக் கடைக்குப் போகவும் மோட்டார் சைக்கிள். போதாக்குறைக்கு, மௌலவி என்றால் வலீமாவிலும் கத்தம் வீட்டிலும் சகனில் முதலிடம் அல்லவா? மறுத்தால் வீட்டுக்காரர் மனம் நோகும் என்று அவர் மனத்தைக் காப்பாற்றி என் வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன். சென்ற ஆண்டு வெறுவயிற்றில் இரத்தம் பார்த்தபோது சீனி 138. 126ஐத் தொட்டாலே நீரிழிவுக் கணக்கு. மறுமுறை பார்த்தும் இறங்கவில்லை. டொக்டர் மருந்து எழுதினார். உடம்பை அசைக்கவும் சொன்னார். அசையும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலும் இரத்தத்துச் சீனியை இழுத்துக்கொள்ளுமாம்.

தலையை ஆட்டிவிட்டு வந்தேனே தவிர, ஒன்றும் செய்யவில்லை. அந்த மாதம் குடும்பத்தோடு மண்கும்பானுக்குப் போனோம். இளைய மகன், "வாப்பா, என்னைப் பிடியுங்கோ பாப்பம்" என்று ஓடினான். இருபது எட்டு வைத்திருப்பேன். நெஞ்சு அடைத்து மணலில் உட்கார்ந்துவிட்டேன். விளையாட்டுக்கு நடிக்கிறேன் என்று பிள்ளை சிரித்தான். எனக்கு வாப்பாவின் கால் ஞாபகம் வந்தது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் வருகிறது. முதல் முறை அன்னையார் முந்தினார்கள். பின்னொரு காலம், உடம்பில் சதை வைத்தபின் ஓடியபோது நபியவர்கள் முந்தினார்கள். இதை இல்லறப் பாடமாக எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சதை வைத்தால் ஓட்டம் குறையும் என்ற பகுதி அன்றுதான் என் காதில் விழுந்தது.

பழைய லுமாலா சைக்கிளைத் திருத்தி எடுத்தேன். ஜூன் மாதம், சோளகக் காற்று. தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று போகும்போது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகைத் தள்ளும். என்னைப் போன்ற ஆளுக்கு அல்லாஹ் தந்த வசதி அது. எவ்வளவு களைத்தாலும் வீடு வந்துவிடலாம். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். முதல் நாள் சுபஹுக்குப் பின் பதினைந்து நிமிடம்தான் முடிந்தது. தாம்போதியின் நடுவே மூச்சிரைக்க மிதித்தபோது, பின்னால் மூட்டை கட்டிய முதியவர் ஒருவர் என்னைத் தாண்டினார். "தம்பி, சில்லுக்குக் காத்துக் காணாதோ?" என்று கேட்டார். காற்றுக் காணாதது எனக்குத்தான். யுத்த காலத்தில் எரிபொருள் தடையின்போது சைக்கிளிலேயே குடும்பம் நடத்திய தலைமுறை அவர்கள்.

ஜூலையில் மண்டைதீவுச் சந்தி. ஆகஸ்டில் அல்லைப்பிட்டி. செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை மண்கும்பான். வந்த சந்தோஷத்தில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மணலில் ஓடினேன். மணலில் நடப்பதற்கே கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். ஓடினால் கேட்கவேண்டுமா? குதிக்கு மேலேயுள்ள நாண் வீங்கி மூன்று வாரம் நொண்டினேன். மூச்சு வாரக் கணக்கில் பழகிவிடுகிறது, நாணும் மூட்டும் மாதக் கணக்கில்தான் பழகும். இது தெரியாமல் நாற்பது வயதுக்கு மேல் திடீரென ஓடத் தொடங்கி ஒரே வாரத்தில் கைவிடுகிறவர்கள் பலர். நான் மறுபடி நடையிலிருந்து தொடங்கினேன். முதலில் ஈர மணல், அது இறுக்கமானது. பிறகுதான் மேட்டு மணல்.

அந்த மணல் லேசானதல்ல. மாரி மழையை உறிஞ்சி, உப்பு நீருக்கு மேல் நல்ல தண்ணீரை மிதக்க வைத்திருக்கிறது. பக்கத்துச் சாட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குத் தெரியும். அதை லொறி லொறியாக அள்ள மனம் வருகிறதே சிலருக்கு!

இப்போது வெறுவயிற்றுச் சீனி 112. மருந்தை டொக்டர்தான் குறைத்தார், நானாக அல்ல. சகனுக்கு அழைத்தால் போகிறேன், ஓரத்தில் உட்காருகிறேன்.

சென்ற சனிக்கிழமை மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மண்கும்பானுக்குப் போனேன். இரண்டு முறை ஓடினோம். இரண்டிலும் அவன்தான் வென்றான். வெயில் ஏறுமுன் திரும்பும்போது பண்ணையில் என் முதுகைத் தட்டி, "வாப்பா, இறங்குங்கோ, கொஞ்சத் தூரம் நான் மிதிக்கிறன்" என்றான்.