ஒரு லோடு கல்லுத் தூள்!

ஓரகடத்துல ஷிஃப்ட் மாறுறப்போ கம்பெனி பஸ்ஸுங்க வரிசை கட்டுமே... அதுக்குக் கொஞ்ச தூரத்துல இருக்கு எங்க வடக்குப்பட்டு. 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டினப்போ, கற்காலக் கருவிகள் கிடைச்ச ஊர். கல்லுக்கும் எங்களுக்கும் அவ்ளோ பழைய சகவாசம்!

தாத்தாகிட்ட மிச்சம் இருக்கிறது 60 சென்ட் நெல் வயல். சிவில் மூணாவது வருஷம் படிக்கிற நான், போன லீவுல அதைக் 'காப்பாத்த'க் கிளம்பினேன். காரணம், ஒரு செய்தி. பசால்ட் பாறையைப் பொடியாக்கி, சத்தீஸ்கர், மத்தியப்பிரதேச விவசாயிகளின் வயல்களில் தூவுகிற 'மாட்டி கார்பன்' நிறுவனத்துக்கு, 2025 ஏப்ரலில் எக்ஸ்பிரைஸ் போட்டியில் முதல் பரிசு... 5 கோடி டாலர்!

மேட்டர் சிம்பிள். மழைத் தண்ணியில கரைஞ்ச கார்பன் டை ஆக்ஸைடு, கல்லுத் தூளை மெல்ல அரிக்கும். கால்சியம், மக்னீசியம் வெளியே வரும். மண்ணோட புளிப்பு குறையும். நெல்லுக்குப் பிடிச்ச சிலிக்காவும் கிடைக்கும். காத்துல இருந்த கார்பன், பைகார்பனேட்டா மாறித் தண்ணியோட போயிடும்.

"தாத்தா, கிரஷர்ல ஒரு லோடு டஸ்ட் சொல்லிடவா?"

தாத்தா எதுவும் பேசலை. டிரங்குப் பெட்டியிலிருந்து மண்வள அட்டையை எடுத்து நீட்டினார். பி.ஹெச். 8.1!

புளிப்பே இல்லாத மண்ணுக்குப் புளிப்பு மருந்து! ஏற்கெனவே காரமான மண்ணுல இன்னும் காரம் ஏறினா, துத்தநாகமும் இரும்பும் பயிருக்கு எட்டாது.

"போன போகமே இலை பழுப்பாகி ஜிங்க் சல்ஃபேட் போட்டேன். நீ இன்னாடா, இருக்கிறதையும் கெடுக்கப் பாக்குற? ஒரு போகம் போச்சுன்னா, புரோக்கர் வாசல்ல வந்து நிப்பான்" என்றார்.

எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. பத்தாததுக்கு, நம்ம பக்கத்து குவாரிக் கல்லு பசால்ட்டே இல்லை. சார்னோகைட், கிரானைட் வகையறா. பசால்ட் மாதிரி சீக்கிரம் கரையாது. ஜியாலஜி பேப்பர்ல பாஸ் பண்ணவன் நான். அதுகூட ஞாபகம் வரலை!

ஐடியா தப்பில்லை ஃப்ரெண்ட்ஸ்... வயல்தான் தப்பு. இப்போ அக்கம்பக்கத்து அட்டைகளை எல்லாம் வாங்கிப் பார்த்துட்டிருக்கேன். எங்கேயாவது 5.5-க்குக் கீழ இருந்தா, அப்போ பேசலாம் கல்லுத் தூளைப் பத்தி.

ஆமா, உங்க வீட்டு அட்டை எந்தப் பெட்டியில இருக்கு?