மோட்டார் மீன்பாடி: சென்னை மேற்குப் புறநகரின் ஒரு பட்டறைத் தொழில்

சென்னையின் மேற்குப் புறநகர்ச் சாலைகளில், குறிப்பாக அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியும் ஆவடி, பூந்தமல்லி கடைவீதிகளை ஒட்டியும், இரும்புக் குழாய்களையோ தண்ணீர்க் கேன்களையோ சிமெண்ட் மூட்டைகளையோ சுமந்து புகை கக்கிக்கொண்டு போகும் மூன்று சக்கர வண்டி எந்த வாகன நிறுவனத்தின் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டதன்று. முன்னால் இரு சக்கரங்களின் மேல் அமைந்த சுமைத்தட்டு, பின்னால் ஒற்றைச் சக்கரம், அதன் மேல் ஓட்டுநரின் இருக்கை, இருக்கைக்கு அடியில் உடைப்புக்குப் போன ஏதோ ஒரு ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய எஞ்சின் என்பதே அதன் அமைப்பு. மீன் கூடைகளைக் கொண்டுபோகப் பயன்பட்ட மிதி வண்டியின் வழிவந்ததால் மீன்பாடி என்ற பெயர் அதற்கு நிலைத்தது. இன்று அதில் ஏறும் சுமைகளில் மீன் ஒரு சிறு பங்கே.

உலக வாகன வரலாற்றில் இதற்கு நெருங்கிய உறவு உடையது அமெரிக்காவில் 'ராட் ராடு' என வழங்கும் வண்டியாகும். 1930களில் கலிபோர்னிய இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டுகளையும் கூரைகளையும் கழற்றி எடை குறைத்து, 1932-இல் ஃபோர்டு நிறுவனம் மலிவு விலைக் காரிலேயே தந்த எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி, வறண்ட ஏரிப் படுகைகளில் பந்தயம் ஓடினர். 'ஹாட் ராடு' எனப்பட்ட அந்த வண்டிகள் பிற்காலத்தில் பளபளக்கும் வண்ணப் பூச்சும் பெருஞ்செலவும் கொண்ட கண்காட்சிப் பொருள்களாக மாறியபோது, அதை வெறுத்தவர்கள் துருவையும் வெல்டிங் தழும்புகளையும் மறைக்காமல், கிடைத்த உதிரிகளைக் கொண்டு வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிய வண்டியே ராட் ராடு. அங்கே துரு விரும்பித் தேர்ந்த அழகு. அம்பத்தூர்ப் பட்டறையில் அது, வண்ணம் பூசுவதற்கான செலவை வாடிக்கையாளர் ஏற்காததன் விளைவு. ஆயினும், வெவ்வேறு வண்டிகளுக்காக வெவ்வேறு காலங்களில் செய்யப்பட்ட பாகங்களை ஒரே சட்டத்தில் இணங்க வைக்கும் திறன் இரு இடங்களிலும் ஒன்றுதான்.

இந்தத் திறன் மேற்குப் புறநகரில் வேரூன்றியதற்குத் தெளிவான காரணங்கள் உள்ளன. டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-இல் அம்பத்தூரில் தொடங்கப்பட்டது. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965-இல் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பாடியில் சக்கரங்களையும் மின்கருவிகளையும் செய்யும் டிவிஎஸ் குழும ஆலைகள் எழுந்தன. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை இவற்றுக்கெல்லாம் உதிரி பாகம் கடைந்து தரும் சிறு கூடங்களால் நிறைந்தது. இக்கூடங்களுக்கு வேலை தடையின்றி வந்துகொண்டிருப்பதில்லை. பெரிய ஆலையின் ஆர்டர் குறையும் மாதங்களில் லேத் இயந்திரமும் அதை இயக்குபவரும் வேறு வேலை தேடியாக வேண்டியிருப்பதால், ஒரு புஷ் கடைவது, ஓர் அச்சின் முனையில் மரை வெட்டுவது, ஒரு தகட்டில் துளையிடுவது போன்ற சில்லறை வேலைகள் தெருப் பட்டறைகளுக்கு எளிதில் கிடைக்கின்றன. மீன்பாடி கட்டும் பட்டறையில் லேத் இருப்பதில்லை. அது இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என்பதே அத்தொழிலின் பலம்.

அப்பட்டறைகளில் பெரும்பாலானவை தகரக் கூரை இறக்கிய வீட்டு முன்புறங்களே. வெல்டிங் டிரான்ஸ்பார்மர், கைக் கிரைண்டர், மேசையில் முடுக்கிய வைஸ், ஸ்பானர் செட், சாக்குக்கட்டி, அளவு நாடா, நூல் ஆகியவற்றுக்கு மேல் அங்கே கருவிகள் அதிகமில்லை. மீன்பாடியை மட்டும் நம்பி எந்தப் பட்டறையும் நடப்பதில்லை. கிரில் கேட் செய்வது, இருசக்கர வாகனம் பழுது பார்ப்பது, மாற்றுத் திறனாளிகளின் ஸ்கூட்டருக்கு இணைப்புச் சக்கரம் பொருத்துவது ஆகியவற்றுக்கிடையே ஒரு வண்டிக்கு ஆர்டர் வரும்போது அதையும் செய்கிறார்கள். வரைபடம் என்று எதுவும் கிடையாது. என்ன சுமை ஏற்றப்படும், எந்தச் சந்தில் நுழைய வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கு வாடிக்கையாளர் சொல்லும் விடையிலிருந்து தட்டின் நீளமும் அகலமும் முடிவாகின்றன.

எஞ்சினைத் தேர்வதில்தான் இத்தொழிலின் நுட்பம் முதலில் வெளிப்படுகிறது. புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளிலும் புறநகரின் காயலான் கடைகளிலும் எத்தனையோ பைக் எஞ்சின்கள் குவிந்து கிடக்க, கட்டுவோர் நெடுங்காலமாக நாடியவை லாம்ப்ரெட்டா, விஜய் சூப்பர், பஜாஜ் சேத்தக் போன்ற பழைய கியர் ஸ்கூட்டர்களின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள். மலிவு ஒரு காரணம். அதைவிட முக்கியமானது குளிர்ச்சி. பைக்கின் சிலிண்டர் திறந்தவெளியில் இருப்பதால் வண்டி ஓடும்போது எதிர்வரும் காற்றே அதைக் குளிர்விக்கிறது. அதே எஞ்சினை அரை டன் சுமையுடன் நடை வேகத்தில் இழுக்க விட்டால், காற்று போதாமல் பிஸ்டன் விரிந்து சிலிண்டரோடு இறுகிப்போகும். ஸ்கூட்டர் எஞ்சினோ தொடக்கத்திலிருந்தே தகட்டு மறைவுக்குள் இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்பதால், ஃப்ளைவீலோடு சேர்ந்து சுழலும் விசிறி ஒன்று சிலிண்டரின் இதழ்கள் மேல் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வண்டி ஊர்ந்தாலும் நின்றாலும் குளிர்ச்சிக்குப் பெரிய குறைவில்லை. இதைப் பாடநூல் வழியாக எவரும் அறியவில்லை. இறுகிப்போன பிஸ்டன்களே கற்றுக் கொடுத்தன.

இரண்டாவது காரணம் பொருத்துவதன் எளிமை. சேத்தக் ஸ்கூட்டரில் எஞ்சின், கிளட்ச், நான்கு கியர்கள், பின்சக்கரத்தின் அச்சு ஆகிய அனைத்தும் ஒரே அலுமினிய உறைக்குள் அடங்கியிருப்பதால், செயின் இழுப்பையோ பல்சக்கரங்களின் நேர்க்கோட்டையோ பற்றிக் கவலைப்படாமல், உறையின் முன்புறம் குறுக்காகச் செல்லும் ஒரு போல்ட்டைச் சட்டத்தில் பிடித்துவிட்டால் வண்டியின் பின்பாதி ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. எஞ்சின் சக்கரத்தின் வலப்புறம் ஒதுங்கியிருப்பது இருசக்கர வண்டியில் சமநிலைக்குச் சற்று இடைஞ்சல். மூன்று சக்கர வண்டியில் அது ஒரு பொருட்டன்று.

சட்டம் பெரும்பாலும் சதுரக் குழாய், எல்-ஆங்கிள், சி-சேனல் ஆகியவற்றால் ஆர்க் வெல்டிங் முறையில், அதாவது மின்வில்லின் வெப்பத்தில் ராடு உருகி இரு இரும்புகளையும் இணைக்கும் முறையில், கட்டப்படுகிறது. முன் அச்சுக்கும் தட்டுக்கும் இடையே வில்தகடுகள் வைப்பவர்களும் உண்டு, நேரடியாக வெல்டு செய்பவர்களும் உண்டு. இரண்டாவது வகை வண்டியில் குண்டும் குழியுமான சாலையின் அதிர்ச்சி முழுவதும் வெல்டு மூட்டுகளில் இறங்குவதால் அவை விரைவில் விரிசல் விடுகின்றன. திருப்பும் முறை மிதி மீன்பாடியிடமிருந்து அப்படியே பெறப்பட்டது: ஓட்டுநர் கைப்பிடியைத் தள்ளும்போது சுமைத்தட்டே அச்சோடும் சக்கரங்களோடும் சேர்ந்து ஒரு நடுமுளையைச் சுற்றித் திரும்புகிறது. ஆகவே அந்த நடுமுளையும் அதன் பேரிங்குகளும்தான் வண்டியிலேயே மிகுந்த பாரம் தாங்கும் இடம். லேத்துக்குப் போய்வரும் பாகங்களில் முதன்மையானதும் அதுவே.

வண்டி நேராக ஓடுமா என்பதைச் சோதிக்கும் முறை கண்டு வியக்கத்தக்கது. கைப்பிடியை நேராகக் கட்டிவைத்து, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து முன் அச்சின் இடமுனைக்கு ஒரு நூலும் வலமுனைக்கு ஒரு நூலும் பிடித்து, இரண்டும் ஒரே நீளமாக வரும் வரை எஞ்சினைத் தாங்கும் தகடுகளை நகர்த்துகிறார்கள். சமமாக வந்த பிறகே அதுவரை புள்ளியாக மட்டும் வைத்திருந்த வெல்டை முழுமையாக ஓட்டுகிறார்கள். வெல்டு குளிரும்போது இரும்பு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பதால் மூலைக்கு மூலை மாற்றி மாற்றிப் பற்றவைக்கும் பழக்கமும் உண்டு. பெரிய தொழிற்சாலைகள் பிடிசட்டங்களைக் கொண்டு அடையும் துல்லியத்தை இங்கே ஒரு நூல் கண்டு தருகிறது.

தேய்ந்த எஞ்சினை மீட்கும் வேலை தனி. சிலிண்டரின் உட்சுவர் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அதைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனைப் போடுவதற்குப் போரிங் என்று பெயர். அதற்கென்றே தனிக் கடைகள் உள்ளன. நான்காவது முறையில் 1 மில்லிமீட்டர் வரை சென்ற பிறகு, சிலிண்டருக்கு உள்ளே புதிய உறை இறக்குவதா, வேறு எஞ்சின் தேடுவதா என்ற கேள்வி எழுகிறது. டூ-ஸ்ட்ரோக் சேத்தக்கின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், ஆண்டுக்கு ஆண்டு காயலான் கடைக்கு வரும் ஸ்கூட்டர் எஞ்சின்கள் குறைந்து, விசிறியற்ற பைக் எஞ்சின்களையே பயன்படுத்த வேண்டிய நிலை வளர்ந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவு நுட்பத்துக்கு நடுவில் பிரேக் மட்டும் கவனிப்பாரற்று விடப்பட்டிருப்பது இத்தொழிலின் மன்னிக்க முடியாத குறை. பல வண்டிகளில் இருப்பது ஸ்கூட்டரோடு வந்த பின்சக்கர டிரம் பிரேக் ஒன்றே. ஓட்டுநரும் சுமையும் உட்பட 500 கிலோ எடையுள்ள வண்டியில் பின்சக்கரத்தின் மேல் 150 கிலோ மட்டும் அமர்ந்திருப்பதாகவும், டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.6 எனவும் கொண்டால், 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி முழு பிரேக்கில் நிற்க ஏறக்குறைய 20 மீட்டர் வேண்டும். மூன்று சக்கரங்களிலும் பிரேக் இருந்தால் அதே வண்டி 6 மீட்டரில் நிற்கும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதையும் சேர்த்துக் கணக்கிட்டால் முதல் தொலைவு இன்னும் நீளும். சுமைத்தட்டின் முன்விளிம்புக்கு வெளியே நீளும் இரும்புக் கம்பிகளோடு இக்கணக்கைப் பொருத்திப் பார்ப்பவர், போக்குவரத்துக் காவலர்கள் இவ்வண்டியைக் கண்டதும் கை காட்டுவதை வெறும் கெடுபிடி என்று சொல்லமாட்டார்.

சட்டத்தின் பார்வையில் மோட்டார் மீன்பாடிக்கு இடமே இல்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், நான்குக்குக் குறைந்த சக்கரங்களும் 25 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சினும் கொண்ட வண்டியை மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. மீன்பாடியின் எஞ்சின் அதைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. ஆகவே அதற்குப் பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் கட்டாயம். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட தயாரிப்பாளர் ஒருவரின் வடிவம் இல்லாமல் பதிவு கிடைக்காது. பதிவில்லாமல் காப்பீடு கிடைக்காது. விபத்தில் அடிபட்டவருக்கு இழப்பீடு தர நிறுவனம் எதுவும் இல்லை. வட மாநிலங்களில் நீர் இறைக்கும் எஞ்சினைக் கொண்டு கட்டப்படும் 'ஜுகாட்' வண்டியும் மோட்டார் வாகனமே என உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. பதிவுபெற்ற வண்டியைத் தயாரிப்பாளரின் வடிவத்துக்கு மாறாக மாற்றக்கூடாது என 2019 ஜனவரியில் அதே நீதிமன்றம் கூறியது. அவ்வாண்டு வந்த திருத்தம், அனுமதியின்றி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. வார இறுதிகளில் புல்லட்டையும் பழைய ஜீப்பையும் வீட்டிலேயே உருமாற்றும் வசதியானவர்களுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் சுமை ஏற்றிய வண்டிதான்.

எனினும் சட்டம் அசையாத பொருளன்று. சௌராஷ்டிரத்தில் புல்லட்டின் முன்பாதியோடு சுமைத்தட்டை இணைத்துக் கட்டிய 'சக்கடா' வண்டியிலிருந்தே ராஜ்கோட்டின் அதுல் ஆட்டோ முறையான மூன்று சக்கர வாகன நிறுவனமாக வளர்ந்தது. தில்லி முதலிய நகரங்களில் பதிவின்றிப் பெருகிய மின் ரிக்‌ஷாக்களுக்காக 2015-இல் சட்டமே திருத்தப்பட்டு, 4,000 வாட்டுக்கு மேற்படாத மின்மோட்டார் கொண்ட மூன்று சக்கரச் சுமைவண்டிக்கு 'இ-கார்ட்' என்ற தனி வகை உருவாக்கப்பட்டது. 4,000 வாட் என்பது ஏறக்குறைய 5.4 குதிரைத்திறன்; பழைய ஸ்கூட்டர் எஞ்சின் தரும் ஆற்றலைவிடக் குறைவு, ஆனால் நின்ற நிலையிலிருந்து சுமையை இழுப்பதில் மின்மோட்டார் அதைவிட மேல். ஸ்கூட்டர் எஞ்சின்கள் அருகிவரும் நிலையில், மேற்குப் புறநகர்ப் பட்டறைகளுக்குத் திறந்திருக்கும் வழி இதுவே. மாதிரி வண்டியைச் சோதித்துச் சான்றளிக்கும் மையம் ஒரகடத்திலேயே இருக்கிறது. சோதனைச் செலவைத் தனிப் பட்டறை தாங்காது என்றாலும், பொது வடிவம் ஒன்றைப் பல பட்டறைகள் சேர்ந்து முன்வைப்பதற்கு அம்பத்தூரின் சிறுதொழில் சங்கங்களும் அரசின் சிறுதொழில் துறையும் துணை நிற்க முடியும், நிற்கவும் வேண்டும்.

அது நடக்கும் வரை காத்திருக்க முடியாத வேலை ஒன்று பட்டறைகளின் கையிலேயே இருக்கிறது. முன் அச்சின் இரு சக்கரங்களிலும் டிரம் பிரேக் பொருத்தாமல் எந்த வண்டியையும் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கக் கூடாது. அதற்கு வேண்டிய ஆட்டோ டிரம்மும் ஷூவும் கேபிளும் எஞ்சின் வாங்கும் அதே புதுப்பேட்டைக் கடைகளிலேயே கிடைக்கின்றன.