மேகாத்து வரும் வழி

துலூஸில் மலை பளிச்சென்று தெரிந்தால் அடுத்து மழைதான் என்பார்கள். ஊருக்குத் தெற்கே பைரனீஸ். கடல் முதல் கடல் வரை 400 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு பிரான்ஸையும் ஸ்பெயினையும் பிரிக்கும் தொடர். 1659-இல் இரண்டு அரசர்களும் உடன்படிக்கை செய்துகொண்டு அந்த மலையையே எல்லையாக வைத்தார்கள். விமானத் தொழிற்சாலை வேலைக்காக இந்த ஊரில் வந்து ஒட்டிக்கொண்ட கோயமுத்தூர்க்காரன் நான். பனி மூடிய சிகரங்கள் அழகுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் என் ஏக்கமெல்லாம் மலையே இல்லாத ஓர் இடத்தின் மேல்.

பாலக்காட்டுக் கணவாயைத்தான் சொல்கிறேன். வடக்கே 2637 மீட்டர் தொட்டபெட்டாவை வைத்திருக்கும் நீலகிரி. தெற்கே 2695 மீட்டர் ஆனைமுடி வரை ஏறும் ஆனைமலை. நடுவில் சுமார் 30 கிலோமீட்டருக்கு மேற்குத் தொடர்ச்சி மலை அப்படியே விட்டுப்போயிருக்கிறது. ஜூன் பிறந்தால் கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மிச்சக் காற்று அந்த இடைவெளி வழியாக எங்கள் பக்கம் பாயும்; அதுதான் மேகாத்து.

கிணத்துக்கடவுப் பக்கம் அப்புச்சியின் தோட்டம். ஆனி கடைசியில் ஒரு நாள் மேற்கே பார்த்துவிட்டு, "மேகாத்து எறங்கீருச்சு, வாழைக்கு முட்டுக் குடுங்கடா" என்பார். ஆடி முழுக்கச் சாளையின் மேற்குக் கதவு தாழ்ப்பாள் போட்டபடியேதான். திறந்தால் அடுப்புச் சாம்பல் வீடெல்லாம் பறக்கும் என்று அம்மாயி விடமாட்டார். தோட்டத்துத் தென்னைகள் எல்லாம் கொஞ்சம் கிழக்கே சாய்ந்தே வளர்ந்திருக்கும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் பொடிச்சாரல் விழும், மண் நனையாது. அந்தச் சாரலில் நின்றுகொண்டு சுட்ட கம்பங்கதிர் தின்ன நான், இங்கே ஜூலை மாத வெயிலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

துலூஸிலும் ஒரு காற்று உண்டு. பைரனீஸுக்கும் அதற்கு வடக்கே உள்ள கறுப்பு மலைக்கும் நடுவே ஒரு தாழ்வழி. அதில் நெருக்குண்டு தென்கிழக்கிலிருந்து நாள்கணக்கில் அடிக்கும். பைத்தியக்காரர்களின் காற்று என்று பட்டப்பெயர் வேறு. மழைநீர் இரண்டு கடல்களுக்கும் பிரிவது அந்தத் தாழ்வழியில்தான். எங்கள் கணவாயிலும் அதே கதை: பாரதப்புழை அரபிக்கடலுக்குப் போகிறது, நொய்யல் காவிரியோடு சேர்ந்து கிழக்கே போகிறது. படத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் இந்தக் காற்று பெரும்பாலும் வறண்டது. சாரல் இல்லாத காற்றை நான் சேர்த்தியாக எடுத்துக்கொள்வதில்லை.

எல்லை விஷயத்திலும் இரண்டு இடமும் அண்ணன் தம்பிதான். 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் ஜில்லா. அதன் பிறகு வாளையாறு மாநில எல்லை ஆனது, சோதனைச் சாவடி வந்தது, லாரிகள் வரிசையில் நின்றன. தண்ணீர் அதையெல்லாம் கேட்கவில்லை. பவானி நீலகிரியில் பிறந்து, கேரளத்து அட்டப்பாடிக்குள் போய்விட்டுத் திரும்ப நம்மிடமே வருகிறது. கோவை குடிக்கிற சிறுவாணி அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில். பரம்பிக்குளமும் கேரளம்தான், ஆனால் ரோடு வழியாகப் போக வேண்டுமானால் சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டுக்குள் வந்துதான் போக வேண்டும். துலூஸ் வழியாக ஓடும் கரோன் நதிகூட ஸ்பெயினில் பிறந்ததுதான். இதை இங்கே யாரிடமாவது சொன்னால் தோளைக் குலுக்குகிறார்கள்; அவர்களுக்கு அதில் சண்டை ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

கணவாயைத் தாண்டாத ஜீவனும் உண்டு. உயரத்துச் சோலைக்காட்டில் வாழும் ஒரு சிறு நீலப் பறவையில், வடக்கே ஓர் இனம், தெற்கே வேறோர் இனம். நமக்குத் திறந்த கதவு அதற்குப் பெருஞ்சுவர்.

அம்மா நேற்று போனில் பேசும்போது பின்னால் ஹோவென்று சத்தம். "காத்துதாங் கண்ணு, மாடியில துணி நிக்க மாட்டேங்குது" என்றார். அதற்குமேல் அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

கோவையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆடி முடிவதற்குள் ஒரு நாள் பாலக்காடு பாசஞ்சரில் வலப்பக்க ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். மதுக்கரை தாண்டியதும் ஷட்டரை ஏற்றிவிடுங்கள். கண்ணாடி போட்டவர்கள் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.