செவலையை விற்ற ஆடி

2017-ஆம் வருஷம் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில், காலில் கோளாறு உள்ள குதிரையை ஒரு குறையும் இல்லை என்று சொல்லி விற்றேன். வீட்டில்கூட இதை நான் முழுசாகச் சொன்னதில்லை. சாட்டையால் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. விற்றது மட்டும்தான். அதுதான் பெரிய தப்பு என்று புரிய எனக்குச் சில வருஷம் ஆனது.

குதிரை வந்தது பெங்களூரிலிருந்து. 2009-இல் பிறந்த பந்தயக் குதிரை, காயடித்தது. ஆறு வயதில் முன்னங்கால் டெண்டன் போய்விட்டது. குளம்புக்கு மேலே காலின் பின்பக்கம் கயிறுபோல ஓடும் தசைநாண் அது. ஓட்டத்தின் பாரமெல்லாம் அதன்மேல்தான் இறங்கும். ஒருமுறை கிழிந்தால் தழும்பாகத்தான் ஆறும், பழைய இழுவை திரும்பாது. நடக்கலாம், மெல்ல ஓடலாம், பந்தயத்துக்கு ஆகாது. நண்பர் ஒருவர் வழியாகச் சேதி வந்தது. “நல்ல இடத்துக்குப் போனால் போதும், பணமே வேண்டாம்” என்றார் சொந்தக்காரர்.

தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளிப் பக்கம் எனக்கு ஆறு ஏக்கர். மாமரம், நாலு கறவை மாடு, காலியாக ஒரு கொட்டகை. நல்ல இடம் என்றால் இதுதானே என்று நினைத்தேன். லாரி ஓசூரைத் தாண்டும்போது மனசுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. மத்திகிரியில் இன்று மாட்டுப் பண்ணை இருக்கும் இடம், வெள்ளைக்காரன் காலத்தில் படைக்குக் குதிரை வளர்த்த பூமி. 2004-இல் கிருஷ்ணகிரி பிரியும்வரை ஓசூரும் தருமபுரி மாவட்டம்தான். குதிரை நம் மண்ணுக்குப் புதுசா என்ன?

கூடவே வந்த குதிரைக்காரர் (லாயத்தில் ‘சைஸ்’ என்பார்கள்) தமிழ்க்காரர். இறக்கிக் கட்டிவிட்டு, போகும்போது சொன்னார்: “அண்ணே, இவனுக்கு இனிமே புல்லுதான் சோறு. கொள்ளு ரெண்டு கை, அவ்வளவுதான். பாவம் பாத்துப் போட்டுராதீங்க.” தலையாட்டினேன். குதிரையின் பாஸ்போர்ட்டில் நீளமாக ஆங்கிலப் பெயர் இருந்தது. நிறத்தைப் பார்த்து என் மகள் செவலை என்று கூப்பிட்டாள், அதுவே நிலைத்தது.

வந்த மறுநாளே செவலை கொட்டகையின் குறுக்குக் கட்டையைக் கடிக்க ஆரம்பித்தது. மேல்பல்லைக் கட்டையில் ஊன்றி, கழுத்தை வளைத்து, ஏப்பம்போல ஒரு சத்தத்தோடு காற்றை உள்ளே இழுக்கும். விடும், மறுபடி ஊன்றும். காலையில் கட்டைக்குக் கீழே மரத்தூள் கிடக்கும். “என்னங்க, பசியில மரத்தைத் தின்னுது பாருங்க” என்றாள் என் மனைவி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பசு அசை போட்டால் வயிறு நிறைந்த அடையாளம், கட்டுத்தறியைக் கடித்தால் பசி. மாட்டுக்காரன் கணக்கு அது. கொள்ளைக் கூட்டினேன். அவித்த கொள்ளோடு ராகிக் கூழ், மக்காச்சோளம், மாட்டுத் தவிடு. ஊரில் யார் வந்தாலும் ஒரு கை அள்ளி வைப்பார்கள். உடம்பு மினுமினுவென்று ஏறியது. ராஜா மாதிரி இருக்கு என்றார்கள்.

2016 மே மாதம் ஒரு விடியற்காலை, கொட்டகைக்குள் செவலை விசித்திரமாக நின்றது. முன்னங்கால் இரண்டையும் தூரமாக நீட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் பின்னங்காலில் தள்ளி, சுவரில் சாயப் போகிறவனைப்போல. கயிற்றை இழுத்தால் ஓரடி வைக்கவில்லை. குளம்பில் கை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் கை வைத்ததுபோல அனல். குளம்புக்கு மேலே விரலை அழுத்தினால் நாடி படபடவென்று துடித்தது.

டாக்டர் வந்தார். ஆடு மாடு பார்த்தே பழகியவர்தான், ஆனாலும் நின்ற நிலையைப் பார்த்ததுமே, “என்ன போட்டீங்க?” என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு புரியும்படி சொன்னார். குளம்புக்குள் இருக்கும் எலும்பு, மீன் செவுள்போல அடுக்கடுக்கான சதையால் குளம்புச் சுவரைப் பிடித்துத் தொங்குகிறது. குதிரைக்கு மாடுபோல நாலறை வயிறு இல்லை. சின்ன இரைப்பை, நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேயப் படைத்தது. மாவுச்சத்தை மொத்தமாகக் கொட்டினால் அது பெருங்குடலில் போய்ப் புளித்து, அந்த நஞ்சு ரத்தத்தில் ஏறி, அந்தச் செவுள் வீங்கிக் கழன்றுகொள்ளும். வாந்தி எடுத்தும் வெளியே தள்ள முடியாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது.

“அப்ப, கட்டையைக் கடிச்சதெல்லாம் பசி இல்லையா?”

“அது லாயத்துப் பழக்கம். ஒரு நாளில் இருபத்திரண்டு மணி நேரம் ஒரே அறையில், தனியா நின்ன பிராணி. வேற என்ன செய்யும்?”

ஐஸ் பார் வாங்கி உடைத்து, டப்பில் போட்டு, மூன்று நாள் முன்னங்கால்களை அதில் நிறுத்தி வைத்தோம். செவலை ஒத்துழைத்தது. தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பாரம் இப்போதும் தோளில் இருக்கிறது.

பிழைத்தது. ஆனால் குளம்பில் வளையம் வளையமாக வரி விழுந்தது, கல்தரையில் காலைத் தாங்கித் தாங்கி வைத்தது. ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கி, லாடத்தை மாற்ற வேண்டும். எங்கள் பக்கத்து லாடக்காரர்கள் மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, பிளந்த குளம்புக்கு இரண்டு துண்டாக அடிப்பவர்கள். குதிரைக்கு ஒற்றை லாடம், நிற்க வைத்தே அடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பெங்களூரிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது. தீவனம் விலை ஏறி, இரண்டு மாட்டை விற்றேன். அடுத்தது செவலை என்று மனசு முடிவு கட்டியது.

அந்தியூர்ச் சந்தையில் கத்தியவாரி, மார்வாரி இனக் குதிரைகள் வரிசையாக நிற்கும். விடியற்காலையிலேயே போய் மணல் பாங்கான இடத்தில் நிறுத்தினேன். மணலில் காலைத் தாங்காது என்று எனக்குத் தெரியும். வாங்க வந்தவர் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை விடுகிறவர். நெற்றிச் சுழி பார்த்தார், கழுத்துச் சுழி பார்த்தார், வாயைத் திறந்து பல் பார்த்தார். சுழி சுத்தம் என்று திருப்திப்பட்டார். காலைத் தூக்கிப் பார்க்கவில்லை. “கால் எப்படிங்க?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லீங்க” என்றேன். தார் ரோட்டில், பட்டாசுச் சத்தத்துக்கு நடுவில், முதுகில் ஆளோடு மணிக்கணக்கில் நிற்கப் போகிற குதிரை. ஒண்ணுமில்லை என்றேன். வண்டியில் ஏற்றும்போது செவலை திரும்பிப் பார்த்ததா என்று கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை, பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிற்பாடுதான் ஃபெர்டினண்ட் என்ற குதிரையைப் பற்றிப் படித்தேன். 1986-இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் ஜெயித்தது. இனப்பெருக்கத்துக்காக ஜப்பானுக்கு விற்றார்கள். அங்கே குட்டி ஈன வைக்கும் கிராக்கி குறைந்ததும் இன்னொருவர் கைக்குப் போனது. 2002-இல் இறைச்சிக்காக வெட்டப்பட்டது என்று அடுத்த வருஷம்தான் வெளியே தெரிந்தது. குதிரைப் பந்தய உலகமே கொந்தளித்தது. நான் அதைப் படித்துவிட்டு அன்று இரவு தூங்கவில்லை. ஃபெர்டினண்டைக் கொடுமைப்படுத்த வேண்டும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு கையும் அடுத்த கைக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் விசாரிக்கவில்லை. செவலை விஷயத்தில் நான் அப்படி ஒரு கை. எனக்குக் கொடுத்தவர் ‘நல்ல இடம்’ என்றார், நான் சந்தையில் ‘ஒண்ணுமில்லீங்க’ என்றேன்.

பந்தயக் குதிரையின் ஓட்டம் இரண்டு வயதில் தொடங்கி பெரும்பாலும் ஆறு, ஏழு வயதுக்குள் முடிந்துவிடும். ஆயுசோ இருபத்தைந்து, முப்பது. மிச்ச வருஷங்களுக்கு யாரிடமும் கணக்கு கிடையாது. சில அதிர்ஷ்டக்காரக் குதிரைகள் குதிரையேற்றப் பள்ளிக்கும் போலீஸ் படைக்கும் போகின்றன. இன்னும் சில மெரினா மணலில் சவாரி சுமக்கின்றன. எங்கள் பக்கம் கழனியில் விரியன் கடித்தால் போடும் ஊசிமருந்தும் குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பதுதான். ஊசி போட்டுப் பிழைத்து வந்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும், ஒருவருக்கும் இது தெரியாது.

செவலையின் பாஸ்போர்ட் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. வாங்கியவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அதில் குதிரைப் படம் வரைந்து, சுழி இருக்கும் இடத்திலெல்லாம் குறி போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் ராசி பார்க்கும் சுழி அங்கே அடையாளம், நம் கைரேகை மாதிரி. கழுத்துக்குள் மைக்ரோசிப்பும் உண்டு. வாங்கியவரைத் தேடி இரண்டு முறை போனேன். அடுத்த வருஷமே கைமாற்றிவிட்டாராம். “யாருக்குன்னு ஞாபகமில்லைங்க” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இருந்தால் இப்போது அதற்குப் பதினாறு வயது தாண்டியிருக்கும். கல்யாண ஊர்வலத்தில் செவலை நிறம் கண்டால் இறங்கிப் போய் நெற்றியைப் பார்க்கிறேன்.

2024 ஜூனில் ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டு, செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தின் குத்தகையை ரத்து செய்தபோது, எல்லாரும் ஏக்கரைப் பற்றியும் பாக்கியைப் பற்றியும் பேசினார்கள். அரூரிலிருந்து ஒரு பையன் மட்டும் என்னைத் தேடி வந்தான். “குதிரைங்க சும்மா கிடைக்கும்னு சொல்றாங்கண்ணே. ஒண்ணு கொண்டு வரலாமா?” என்றான். கண்ணில் அதே ஆசை.

கொட்டகைக்குக் கூட்டிப் போனேன். குறுக்குக் கட்டையை நான் மாற்றவில்லை. நடுவில் இரண்டு சாண் நீளத்துக்குக் குழிந்திருக்கிறது. கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது என்னண்ணே?” என்று கேட்டான். சந்தையில் நடந்தது வரைக்கும் மறைக்காமல் சொன்னேன். வேறு யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நாலு மாதம் கழித்து மறுபடி வந்தான். கையில் அளவு நாடா. மேய்ச்சலுக்கு எத்தனை சென்ட் விட வேண்டும், துணைக்கு இன்னொரு குதிரை இல்லாவிட்டால் ஆடு போதுமா, லாடக்காரரின் போன் நம்பர் என்ன என்று கேட்டான். கட்டையின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொண்டான்.