மடை திறக்கும் கை

காரைக்குடிக்கு வருகிறவர்கள் நகரத்தார் வீடுகளையும் ஆத்தங்குடித் தரைக்கற்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் பார்க்கப் போனது ஒரு நீர்பாய்ச்சியை. திருப்பத்தூர் சாலையிலிருந்து செம்மண் பாதையில் பிரிந்து போனால் அவருடைய கண்மாய். மார்கழிக் கடைசி. முக்கால் கண்மாய் தண்ணீர் கிடந்தது.

சிவகங்கைச் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கி வைத்துத்தான் ஒரு போகம் நெல். கண்மாய் யாருடைய பட்டாவிலும் இல்லை. தண்ணீர், மீன், கரை மரம், உள்வாய்ப் புல், வண்டல் எல்லாமே ஊருக்குப் பொது. பொதுவில் இருப்பதைப் பங்கிட்டுக் கொடுக்க ஊர் வைத்திருக்கும் ஆள்தான் நீர்பாய்ச்சி.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க தம்பி, வாய்க்காலுக்குள்ளதான் நடக்கணும்" என்றார். அறுபதைத் தாண்டியவர். தோளில் மண்வெட்டி. ஒரு வயலுக்குத் தண்ணீர் நுழையும் வாமடையை வெட்டிவிட்டு, வாய்க்காலில் காலை ஊன்றி நின்றார். கணுக்காலில் தண்ணீர் மோதுகிற வேகத்தை வைத்தே வயல் எப்போது நிறையும் என்று சொன்னார். சொன்னபடி நிறைந்தது. பிறகு வரப்பிலிருந்து புல்லோடு ஒரு மண்கட்டியைப் பெயர்த்து வாமடையில் வைத்து மிதித்தார். வெறும் மண் கரைந்து போகும், வேரோடிய மண் பிடித்துக்கொள்ளும்.

அடைமழை ராத்திரிகளில்தான் உண்மையான வேலை. ஊர் தூங்கும்போது அவர் கரையில் நடப்பார். நண்டு வளை, எலி வளை வழியாகக் கரையின் வெளிப்பக்கம் தண்ணீர் கசியும். "தெளிஞ்ச தண்ணி கசிஞ்சா பயமில்லை தம்பி. கலங்கி வந்தா கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம். ஓடிப்போய் ஊரை எழுப்பணும்." அணை கட்டும் பொறியாளர்கள் படிப்பதும் இதைத்தான். நிறைந்த கண்மாயின் உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கையும் பார்க்க வேண்டும். கலுங்கில் யாராவது கல்லும் வைக்கோலும் வைத்து உயர்த்திவிட்டால் அடுத்த ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் போகாது. சங்கிலியாகக் கோத்த கண்மாய்களில் ஓர் ஊரின் பேராசை இன்னோர் ஊரின் தரிசு.

பல ஊர்களில் நீர்பாய்ச்சிகள் தலித் குடும்பத்தவர்கள். கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் அவர்களுக்கு நிலம் இருப்பதில்லை. நிலமில்லாதவன் தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்ப மாட்டான் என்ற கணக்கு. நடுநிலை என்று பெருமையாகப் பேசப்படும் இந்த ஏற்பாடு ஒருவரின் இல்லாமையின் மேல் நிற்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஸ்பெயினில் வாலென்சியா நகரத் தேவாலய வாசலில் வியாழன்தோறும் தண்ணீர் வழக்குகளைத் தீர்க்கும் நடுவர்கள், அந்த வாய்க்கால்களில் பயிர்செய்யும் விவசாயிகளே. சக விவசாயிகள் தேர்ந்தெடுத்தவர்கள். யுனெஸ்கோ 2009-ல் அந்தத் தண்ணீர் மன்றத்தை மரபுப் பட்டியலில் சேர்த்தது. பொதுவளங்களை மக்களே ஆள முடியும் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரம் பொருளாதார நோபல் பெற்றதும் அதே ஆண்டில். நிலம் வைத்திருப்பவர் நியாயமாகப் பங்கிடுவார் என்று அங்கே நம்புகிறார்கள். நம் ஊரிலும் நம்பலாம்.

ஊராரே கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்தை 2017-ல் தமிழக அரசு மீண்டும் கொண்டுவந்தது. கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால் இவற்றுக்குப் பணம் வந்தது. நல்ல காரியம். ஆனால் மடையைத் திறந்து அடைக்கும் ஆளுக்கு இன்றும் களத்து நெல்தான் கூலி, விதைத்த ஏக்கர் கணக்கில். தரிசு கூடக்கூட அவர் பங்கு குறைகிறது. தரிசில் சீமைக் கருவேலம் ஏறிவிட்டது. அவருடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

தண்ணீர் வற்றும் பருவத்தில் மீன் குத்தகைப் பணம் ஊர்ப்பொதுவுக்கு வருகிறது. திருவிழாச் செலவுக்கு முன்னால் அதில் ஒரு பங்கை நீர்பாய்ச்சிக்குச் சம்பளமாக எடுத்துவைக்க வேண்டும் என்பது என் கருத்து. அவரிடமே சொன்னேன். "என் சம்பளம் கெடக்கட்டும் தம்பி. கூட ஒரு இளவட்டத்தை அனுப்பச் சொல்லுங்க. கரை எந்தெந்த எடத்துல ஒடையும்னு காட்டிக் குடுக்கணும்" என்றார். சம்பளம் இல்லாமல் இளவட்டம் வரமாட்டான். ஊர்க்கூட்டத்தில் இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.