பெயரில்லாத ஒரு வரி

எங்கள் இருவரில் ஒருவருக்கு ஆன்கா வாஸ்குலைட்டிஸ் என்னும் நோய் உண்டு. கணவருக்கா மனைவிக்கா என்பதை இங்கு எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். காரணம் பின்னால் விளங்கும்.

கிருமிகளோடு போரிடுவதற்காக அல்லாஹ் நம் இரத்தத்தில் வைத்திருக்கும் வெள்ளணுக்களையே உடல் அந்நியமாகக் கருதி, அவற்றுக்கு எதிர்ப்பொருள்களை உண்டாக்கிக்கொள்கிறது. அதனால் கிளர்ந்தெழும் அவ்வணுக்கள் சிறு இரத்தக் குழாய்களின் சுவர்களைப் புண்ணாக்குகின்றன. மூக்கிலும் காதிலும் தொடங்கும் நோய் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பற்றக்கூடும். ஐரோப்பாவில் பத்து லட்சம் பேரில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 20 பேருக்கே இது புதிதாகக் காண்கிறது. எங்களுக்கும் பல மாதங்கள் சைனஸ் தொல்லை என்றே மருந்து தரப்பட்டது. சிறுநீரில் இரத்தம் கலந்த பிறகுதான், நாங்கள் வாழும் டப்ளின் நகரில் நோயின் பெயர் தெரியவந்தது. ஸ்டீராய்டும் ரிட்டுக்சிமாபும் செலுத்தப்பட்டன. அல்ஹம்துலில்லாஹ், நோய் அடங்கியது.

அடங்கியிருந்த நாள்களில்தான் ஒரு செவிலியர் சில தாள்களை எங்கள் முன் வைத்தார். அயர்லாந்தின் அரிய சிறுநீரக நோய்களுக்கான பதிவேட்டில் சேரச் சம்மதமா என்று கேட்டார். நோயின் வரலாறு, பரிசோதனை முடிவுகள், சிறிது இரத்தம், சிறுநீர் ஆகியவற்றைத் தர வேண்டும். பெயர் நீக்கப்பட்டு ஓர் எண் இடப்படும். பிற நாட்டுப் பதிவேடுகளோடு சேர்த்தும் அது ஆராயப்படும்.

எங்களில் ஒருவர் அன்றே கையெழுத்திடலாம் என்றார். மற்றவர் தயங்கினார். தயக்கத்துக்கு வெறும் கண்ணேறு பற்றிய அச்சம் மட்டும் காரணமன்று. அதுவும் கொஞ்சம் இருந்ததை மறைப்பானேன்! நோய் இத்துணை அரிதாக இருக்கும்போது பெயரை நீக்கிவிட்டால் மட்டும் போதுமா? பிறந்த ஆண்டு, வாழும் நகர், பூர்விக நாடு, நோய் கண்ட மாதம் என்னும் நான்கையும் சேர்த்துப் பார்த்தால், எங்கள் பள்ளிவாசலுக்கு ஜும்ஆவுக்கு வரும் எவரும் ஆளை இன்னாரென்று சொல்லிவிடலாம். ஊரிலுள்ள பெற்றோருக்கே முழுமையாகச் சொல்லாத ஒன்றை முன்பின் அறியாதவர்களிடம் ஒப்படைப்பதா? ஒப்படைத்தால் அது அமானிதம். பெறுபவர் அதை எவ்வாறு காப்பார் என்பதை அறியாமல் ஒப்படைப்பது எங்கள் பொறுப்பின்மை ஆகாதா?

சம்மதித்தவர் வேறொன்றைச் சொன்னார். எங்களுக்கு ஸ்டீராய்டின் அளவு விரைவாகக் குறைக்கப்பட்டது. அவ்வாறு குறைக்கலாம் என்று காட்டியது 2020-ல் வெளிவந்த பெக்சிவாஸ் ஆய்வு. அதற்கு 704 நோயாளர்களைத் திரட்ட 16 நாடுகள் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. குறைந்த அளவு பெற்றவர்கள் உயிரையோ சிறுநீரகத்தையோ காப்பதில் பின்தங்கவில்லை. கடுமையான தொற்றுகளும் அவர்களுக்குக் குறைவாகவே வந்தன. அந்த 704 பேரில் ஒருவரையும் நாங்கள் அறியோம். அவர்கள் பகிர்ந்ததன் பலனை நுகர்ந்துவிட்டு எங்கள் பங்கு வரும்போது கையை மூடிக்கொள்வது எப்படி?

இரு வாதங்களும் உண்மையாகவே பட்டன. அடுத்த முறை சென்றபோது, தரவுகள் எங்கே போகின்றன என்று நேராகவே கேட்டோம். எங்கும் போவதில்லை என்று விடை வந்தது. ஃபேர்வாஸ்க் என்னும் திட்டத்தில் அயர்லாந்து, பிரான்சு, செக் குடியரசு, போலந்து, சுவீடன் முதலிய நாடுகளின் பதிவேடுகள் இணைந்திருக்கின்றன. ஆயினும் அவை ஒரே கிடங்கில் கொட்டப்படவில்லை. ஒவ்வோர் ஏடும் தன் நாட்டிலேயே, தன் பொறுப்பாளரிடமே இருக்கும். ஆய்வாளரின் கேள்வி மட்டும் எல்லா ஏடுகளுக்கும் செல்லும். தனி மனிதரின் வரி வராது, தொகுத்த விடையே திரும்பி வரும். விரும்பும் நாளில் சம்மதத்தை மீட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள்.

கேள்வி பயணம் செய்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலைதான் பெரிதாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினை ஒரு நாட்டில் 1 என்று எழுதினால், வேறோர் அலகைக் கையாளும் நாட்டில் அதையே 88 என்று எழுதுவர். நோய் மீண்டது என்பதற்கு ஒவ்வோர் ஏடும் ஒவ்வொரு பொருள் கொண்டிருக்கும். இவற்றுக்கெல்லாம் முதலில் ஒரு பொதுச் சொற்களஞ்சியம் செய்தாக வேண்டும். இதைக் கேட்டபோது எங்கள் இருவருக்கும் ஹதீஸ் கலையே நினைவுக்கு வந்தது. மதீனாவிலும் கூஃபாவிலும் பஸராவிலும் தனித்தனியே பாதுகாக்கப்பட்ட அறிவிப்புகளின் வழிகளையெல்லாம் ஒருசேர வைத்துப் பார்த்தாலன்றிப் பிழை எங்குள்ளது என்பது புலப்படாது என்று கருதினார் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் அறிஞர் அலீ இப்னுல் மதீனீ (ரஹ்). அங்கே நோக்கம் வேறு, பொருள் வேறு. எனினும் சிதறிக் கிடப்பதைப் பொறுமையோடு ஒப்புநோக்கும் அந்த உழைப்பு நமக்கு அந்நியமானதன்று.

அவ்வாறு ஒப்புநோக்கியதன் பயனும் கண்கூடு. 2024-ல் வெளியான ஆய்வொன்றில் 3,868 நோயாளர்களின் பதிவுகளைக் கொண்டு, இந்நோயை ஐந்து குழுக்களாகப் பிரித்துக் காட்டினர். யாருடைய சிறுநீரகம் செயலிழக்கக்கூடும் என்பதைச் சொல்வதற்கு, எங்கள் மருத்துவச் சீட்டில் எழுதியிருக்கும் பழைய பெயரைவிட இப்பிரிவு உதவக்கூடும். எந்த ஒரு மருத்துவமனையும் தனித்து இதைக் கண்டிருக்க முடியாது.

இஸ்திகாரா தொழுது, கையெழுத்திட்டோம். கையெழுத்து ஒருவருடையது, முடிவு இருவருடையது. தயங்கியவரைக் கடைசியில் இசையச் செய்தது, அப்பதிவேடுகளில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதுதான். இந்நோய் எல்லா இனத்தாரிடமும் ஒரே முகத்தோடு வருவதில்லை. ஜப்பானில் காணும் வகை பெரும்பாலும் வேறு, வட ஐரோப்பாவில் காணும் வகை வேறு. நம்மவர் அந்த ஏட்டில் இல்லையென்றால், அதிலிருந்து வரும் விடை நம்மைப் பற்றியதாக இராது. அச்சம் முற்றும் நீங்கிவிட்டதென்று சொல்ல மாட்டோம். இக்கட்டுரையில் நாங்கள் "ஒருவர்" என்றும் "மற்றவர்" என்றும் மறைந்து நிற்பதே அதற்குச் சான்று.

இப்போது ஒவ்வொரு முறையும் அந்தச் செவிலியர் வரிசையாகக் கேட்கிறார்: மூக்கில் இரத்தம் வந்ததா, இருமலில் வந்ததா, காது மந்தமா, கால் மரத்துப்போகிறதா? சென்ற முறை எல்லாம் முடித்துவிட்டு, வேறேதேனும் சொல்ல வேண்டுமா என்றார். மருத்துவரின் அனுமதியோடு ரமளான் நோன்பு நோற்றதையும், மாத்திரைகளை ஸஹர் நேரத்துக்கு மாற்றிக்கொண்டதையும் சொன்னோம். அதற்கென்று படிவத்தில் கட்டம் ஏதுமில்லை. அவர் சற்று யோசித்து, ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்தார்.