புட்டு அவியும் நேரம்

"வாசிக்க விருப்பம்தான், நேரம் எங்கே இருக்கிறது?" திருமறை வாசிப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நண்பர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நானும் இதையே சொல்லி வந்தவன். எனவே யாருக்கும் உபதேசம் செய்யும் தகுதி எனக்கு இல்லை. என் கதையை மட்டும் சொல்கிறேன்.

நான் பிறந்தது ஊர்காவற்றுறை. எதிரே காரைநகர், இடையிலே கடலில் மிதப்பதுபோல் நிற்கும் ஒல்லாந்தர் கால ஹமன்ஹீல் கோட்டை. ஊரிலே கத்தோலிக்கர் பலர். ஆயினும் என் அம்மம்மாவின் தலைமுறையில் வீட்டிலே விவிலியம் வைத்து வாசிக்கும் வழக்கம் அரிது. செபமாலைதான் அவர்களின் நாளாந்த மன்றாட்டு. வேதக் கதைகள் செவி வழியாகவே வந்தன. தவக்காலத்தில் ஆலயத்தில் வியாகுலப் பிரசங்கம் படிக்கப்படும். கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 18ஆம் நூற்றாண்டில் ஆக்கித் தந்த நூல் அது. போதாததற்கு நாட்டுக்கூத்தும் பாஸ்காவும் இருந்தன. எழுத்தறியாத கிழவிகளுக்கும் யோபுவின் துயரம் தெரிந்திருந்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டை வெளியிட்டு, பொதுநிலையினரும் மறைநூலை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. அதன் பிறகு விவிலியம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. அதைக் கையில் எடுத்தவர் அம்மா.

அம்மா பாடசாலை ஆசிரியை. பிள்ளைகள் ஐவர். விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்துவிடுவார். கிணற்றடி, முற்றம், அடுப்பு என்று வேலை வரிசையாக நிற்கும். அவருக்கு ஓய்ந்த நேரம் என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் குழைத்த மாவையும் தேங்காய்ப்பூவையும் நீற்றுப்பெட்டியில் இட்டுப் பானைமேல் வைத்தபின், ஆவி மேலே வரும்வரை செய்ய ஒன்றும் இல்லை அல்லவா? அந்தப் பத்து நிமிடத்தில் அடுப்படிப் பலகையில் அமர்ந்து, விளக்கு வெளிச்சத்தில் ஒரு திருப்பாடலை வாசிப்பார். புட்டு அவிந்ததும் புத்தகம் மூடப்படும். மறுநாள் அடுத்த பாடல். 150 பாடல்களும் முடிந்தால் மீண்டும் முதலாவது. வருடத்துக்கு இரண்டு சுற்றுக்கு மேல் வந்திருக்கும்.

1990களின் தொடக்கத்தில் தீவக மக்கள் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தார்கள். அம்மாவும் புறப்பட்டார். உடுத்த துணியும் ஒரு பையும் தவிர எல்லாம் வீட்டிலேயே நின்றுவிட்டன, விவிலியமும்தான். ஓராண்டுக்கு மேல் அவர் கையில் வேறு பிரதி கிடைக்கவில்லை. ஆனாலும் வாசிப்பு நிற்கவில்லை என்று பின்னர் சொன்னார். மண்ணெண்ணெய் கிடையாத இரவுகளில், கண்ணை மூடினால் பக்கங்கள் தாமாகத் திறந்தனவாம். அடுப்படியில் பத்துப் பத்து நிமிடமாகச் சேர்த்த சேமிப்பு அது.

அந்த ஆண்டுகளில் நான் பத்திரிகை அலுவலகத்தில் இரவுப் பணியில் இருந்தேன். விடியுமுன் நாலைந்து பத்திரிகைகள், செய்தி நிறுவனங்களின் கட்டுகள், மூக்குக் கண்ணாடி வியர்க்க வியர்க்க மெய்ப்பு. ஒரு நாளில் ஒரு நாவலின் அளவுக்கு வாசித்திருப்பேன். அவற்றுள் மறுநாள் நினைவில் நின்றவை மிகச் சில. விவிலியமோ மேசை இழுப்பறையில் கிடந்தது. ஓய்வு பெற்ற பிறகு வாசிக்கலாம் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒருமுறை செய்திக்காக நெடுந்தீவுக்குப் போனேன். குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணி நேரப் பயணம். பக்கத்தில் ஆலய மூப்பர் ஒருவர் அமர்ந்திருந்தார். அலை அடித்ததால் புத்தகம் விரிக்க முடியாது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் கடுதாசியை எடுத்தார். அன்றைய நற்செய்தியில் ஒரு வசனம் அதில் எழுதப்பட்டிருந்தது. ஒருமுறை பார்ப்பார், பிறகு நெடுநேரம் கடலைப் பார்ப்பார். "நேரம் கிடைக்குதோ ஐயா?" என்று கேட்டேன். "நேரம் ஆருக்குத் தம்பி தானாய்க் கிடைக்குது? படகுக்குக் காத்திருக்கிற நேரம் கடவுள் தந்தது" என்றார். அதை ஒரு நல்ல சித்திரமாக எழுதி வெளியிட்டேன். வாசகர்கள் பாராட்டினார்கள். அதைப் பின்பற்றத்தான் தோன்றவில்லை.

2009இல் போர் முடிந்தபின் அம்மா ஊருக்குத் திரும்பினார். இரண்டாண்டுகளில் படுக்கையில் விழுந்தார். கடைசி வாரத்தில் ஓரிரவு நான்தான் பக்கத்தில் இருந்தேன். கண் பார்வை மங்கியிருந்தது. "தம்பி, ஆழத்திலிருந்து மன்றாடுகிறவனின்ரை பாட்டு இருக்கெல்லோ, அதை ஒருக்கால் வாசி" என்றார்.

புத்தகத்தைத் திறந்தேன். எத்தனையாம் பாடல் என்று எனக்குத் தெரியவில்லை. முன்னும் பின்னும் புரட்டினேன். ஆயிரக்கணக்கான தலைப்புகளைத் திருத்திய கை அன்று தடுமாறியது. அம்மா பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் வாசற்படியில் நின்ற தங்கையின் மகள், பன்னிரண்டு வயதுப் பிள்ளை, "மாமா, நூற்றிமுப்பது" என்றாள். அம்மம்மாவோடு அடுப்படியில் இருந்து படித்தவள் அவள்.

எட்டே வசனங்கள். விடியலுக்காகக் காத்திருக்கும் காவலர்களைவிட ஆவலோடு ஒரு மனம் ஆண்டவருக்காகக் காத்திருப்பதை அந்தப் பாடல் சொல்கிறது. எத்தனை விடியல்களை இரவுப் பணியில் காத்திருந்து பார்த்தவன் நான்! எனக்கென்றே எழுதியது போன்ற பாடலை ஐம்பது வயதுக்குமேல், அதுவும் தாயின் மரணப் படுக்கையருகே, முதன்முறையாகக் கருத்தோடு வாசித்தேன்.

யாழ்ப்பாணத்தவர் மறக்கக் கூடாத ஒரு செய்தியையும் இங்கே சேர்க்கத் தோன்றுகிறது. பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் தலைமையில் உருவாகி 1850இல் அச்சேறிய தமிழ் விவிலியத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர் ஆறுமுக நாவலர். சைவத்தில் அசையாதவர், தாம் நம்பாத நூலுக்காகத் தம் இளமையின் பொழுதுகளைக் கொடுத்தார். நம்புகிறேன் என்று சொல்லும் எனக்கோ பத்து நிமிடம் இல்லாமற் போயிற்று.

ஓய்வு பெற்றால் நேரம் கிடைக்கும் என்று நினைத்தேன் அல்லவா? கிடைக்கவில்லை. அலுவலகம் விட்ட இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. ஆகவே நேரத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, ஏற்கெனவே இருக்கும் ஒரு காத்திருப்பில் வாசிப்பைக் கட்டிவைத்தேன். காலைத் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும்வரை ஒரு பகுதி. மாற்கு நற்செய்தியில் 16 அதிகாரங்கள். பதினாறு காலைகளில் முடிந்துவிடும். நீதிமொழிகளில் 31, ஒரு மாதத்துக்குச் சரி. வெளியே போகும் நாளில் சட்டைப் பையில் ஒரு துண்டுக் கடுதாசி.

தவறும் நாட்களும் உண்டு. அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன். நேற்றைய புட்டு அவியவில்லை என்பதற்காக அம்மா இன்று அடுப்பு மூட்டாமல் இருந்ததில்லை.